வலப்பக்கத்துப் பிள்ளை

என் வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளை என்று முடிவு சொன்னவர் என் மாமியார். அடுக்களையை ஒட்டிய அறையில் என்னைப் படுக்க வைத்து, சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி, அடிவயிற்றின் வலப்பக்கத்தில் விரல்களை ஊன்றினார். அங்கே கோழிமுட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருந்தது. எனக்கும் அது தெரியும். குளிக்கும்போது சோப்பு அந்த இடத்தில் ஏறி இறங்கும்.

“வலது பக்கமா ஒதுங்கியிருக்கு. ஆம்பளப் பிள்ளதான்” என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மகள் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் பிறந்த பிறகு எனக்கு மாதவிலக்குத் திரும்பவில்லை. பால் கொடுக்கும் பெண்களுக்கு அது சகஜம். ஆனால் காலையில் வாந்தி, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், வயிற்றில் இந்த மேடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் யாரும் வேறு ஒன்றை நினைக்கமாட்டார்கள். கூப்பிட்டு வந்த மலாய் மருத்துவச்சியும் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு ஒரு வெற்றிலைத் தட்டு கிடைத்தது.

நான் கான்வென்ட் பள்ளியில் படித்தவள். சீனியர் வகுப்பில் உடல்நலப் பாடம் என்று ஒன்று உண்டு. கருப்பை நடுவில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இது ஏன் ஒரு பக்கமாக இருக்கிறது என்று நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, புத்தகத்துப் படத்தை நம்பி ஏழு பிள்ளை பெற்றவரோடு வாதாடுவதா என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன். என்னைப் பெற்றவள் உயிரோடு இருந்திருந்தால் அவளிடமாவது கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? அதுவும் நிச்சயமில்லை.

கோபம் எனக்கு அப்போது வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது, அதனால் முதலில் எதை நினைத்துக் கோபப்படுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பாலை நிறுத்தினார்கள். கர்ப்பக்காரியின் பால் கைப்பிள்ளைக்குச் சீக்கு கொண்டுவரும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். மாமியார் வேப்பிலையை அரைத்து என் மார்பில் பூசினார். குழந்தை வாயை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அழுதாள். டப்பாப் பாலைக் கரைத்து ஊற்றினால் துப்பினாள். இரண்டு அறை தள்ளி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு உலாத்தினார்கள், நான் இந்த அறையில் மார்பு கட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இல்லாத ஒரு தம்பிக்காக.

நாள் போகப்போக முட்டை மாம்பழமானது. ஆனால் நான் இளைத்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது. சில நாள் வயிறு பத்து முறை போகும், சில நாள் கல்லாக அடைத்துக்கொள்ளும். வலி வரும்போது அந்த மேடு ஒரு பாம்பு புரளுவதுபோல் இறுகி, களகளவென்று சத்தம் போட்டு, அடங்கும். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்து மாமியார் என் மகளிடம் சொல்வார்: “பாரு, உன் தம்பி உதைக்கிறான்.” உதைப்பு இப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையைச் சுமந்தவள்தானே நான். சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி என்றார்.

என் கணவர் துறைமுகக் குடோன் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. சாந்தமான மனிதர். நான் வற்புறுத்தியதால் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். நம் ஊர்க்காரர்தான், சீமைப் படிப்புப் படித்தவர். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் கணவரைப் பார்த்துக் கேள்வி கேட்டார், என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். எத்தனையாவது மாதம், வாந்தி உண்டா, மலச்சிக்கல் உண்டா. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. மரியாதைக்காகத்தான் தொடவில்லை என்று வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். இரும்புச் சத்து டானிக் ஒரு புட்டி எழுதிக் கொடுத்தார். அந்த மரியாதையை அவர் தம் வீட்டுப் பெண்களுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் மாதம் என்று மாமியார் கணக்குப் போட்ட மாதத்தில் வளைகாப்பு வைத்தார்கள். வழக்கமாக முதல் பிள்ளைக்குத்தான் அது. என் மகள் வயிற்றில் இருந்த ஆண்டு மாமனார் இறந்துபோனதால் யாரும் வளையல் போடவில்லை. அந்தக் குறை மாமியாருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கும் சேர்த்து இப்போது செய்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். வளையல்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போன தீபாவளிக்குப் போட்ட அளவு முழங்கை வரை ஓடும், சின்னப் பிள்ளை அளவுதான் சரி என்றார். பிள்ளை ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்று பெண்கள் சிரித்தார்கள்.

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் வாழையிலையில் பரப்பியிருந்தது. சந்தனம் பூசினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பச்சையும் சிவப்புமாக வளையலை ஏற்றினார்கள். பாதியில் வலி வந்தது. வழக்கமான வலி என்று முதலில் பொறுத்தேன், அத்தனை பேர் முன்னால் முகம் சுளித்தால் சகுனம் பார்ப்பார்கள் என்று. வயிறு மேடுமேடாகத் திரண்டது. பச்சையாக வாந்தி எடுத்தேன், இலையில் பரப்பிய சோற்றின் மேலேயே. அப்புறம் பாயில் சாய்ந்துவிட்டேன். காதில் விழுந்தது மாமியார் குரல்: “விளக்கெண்ணெய் கொண்டாங்க.” நல்ல வேளையாக என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். ரிக்‌ஷா கூப்பிட்டுவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு ஒரு லேடி டாக்டர் இருந்தார். ஆங்கிலேயப் பெண், ஒல்லியானவர். அவர்தான் என் வயிற்றை முழுக் கையால் தொட்ட முதல் டாக்டர். உள்பரிசோதனையும் செய்தார். உடைந்த மலாயில் என்னிடம் சொன்னார்: பிள்ளை இல்லை. பானை காலி. குடலில் கட்டி.

எனக்குப் பயம் வரவேண்டிய நேரம். வந்தது என்னவோ ஒரு நிம்மதிதான். என் புத்தி பிசகவில்லை. இத்தனை நாளும் என் உடம்பு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமியார் வராந்தாவில் நின்று அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வெள்ளைக்காரிக்கு நம் வயிறு என்ன தெரியும் என்றார். வலி கொஞ்சம் தணிந்தபோது கீழ்வழியாக ஒரு வெள்ளைக் கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் அந்த வெள்ளை போய் முட்டி நின்றதாம். காசநோயாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சர்ஜன் சொன்னார். யாரிடம் சொன்னார்? என் கணவரிடம். கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அறுவைக்கு முன்னால் வளையல்களைக் கழற்ற மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வந்தாள். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

“அக்கா, இதெல்லாம் போட்டுக்கிட்டு உள்ள போக முடியாதுலா.”

பிரசவத்துக்கு முன்னால் கழற்றக்கூடாது என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு போடவேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் கையைத் தொங்கப்போட்டேன். அத்தனையும் தாமாகவே நழுவிப் படுக்கையில் விழுந்தன. மாமியார் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

பெருங்குடலின் தொடக்கத்தையும் சிறுகுடலின் கடைசியையும் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை இணைத்துத் தைத்தார்கள். வெட்டியதில் ஒரு துண்டு புட்டியில் போட்டுக் கோலாலம்பூருக்குப் போனது. நான் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டு கிடந்தேன். அதே நேரம் வெளியே ஒரு பேச்சுப் பரவியது: ஆஸ்பத்திரியில் கிராணி பெண்டாட்டியின் வயிற்றிலிருந்து ஆண் பிள்ளையை அறுத்து எடுத்துவிட்டார்கள். மாமியார் வீட்டில் உட்கார்ந்து அழுதாராம். துக்கம் கேட்க ஆள் வந்ததாம். இதை எனக்குச் சொன்னவள் மிஸி. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சொன்னாள். தையல் வலித்ததால் நானும் சிரிக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து பதில் வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் சர்ஜனும் லேடி டாக்டரும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். என் கழுத்தின் இரு பக்கமும் அமுக்கினார்கள், அக்குளை அமுக்கினார்கள், தொடையிடுக்கை அமுக்கினார்கள், முந்தின நாள் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தின் சீட்டைப் பார்த்தார்கள். அதற்கிடையே அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள், நடுவில் கிடக்கும் நான் ஒரு மேசை என்பதுபோல. காசநோய் இல்லை. வழக்கமான குடல்புற்றும் இல்லை. லிம்ஃபோசர்க்கோமா, நிணநீர்த் திசுவில் முளைப்பது. கழுத்திலும் அக்குளிலும் கட்டி இல்லை, ரத்தமும் சரியாக இருக்கிறது, ஆகவே குடலிலேயே பிறந்தது, வேறெங்கும் போகவில்லை என்று நம்பலாம். அப்படியானால் இவளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சிங்கப்பூருக்கு அனுப்பி, கட்டியைக் கருக்கும் எக்ஸ்ரே கதிர் வைத்தால்.

சர்ஜன் கேட்டார், கணவனிடம் சொல்லியாயிற்றா. லேடி டாக்டர், போன வாரமே சொன்னேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னான் என்றார். யோசிக்க நேரம் கிடையாது என்று சர்ஜன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

போன வாரம். ஒரு வாரமாக என் கணவர் மாலைதோறும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று மாலையும் வந்தார். நான் கேட்டேன், டாக்டர் என்ன சொன்னார்கள் என்று. தோலை உரித்துக்கொண்டே சொன்னார்:

“ஒன்னுமில்லலா. புண்ணு மாதிரி ஒரு கட்டி. எடுத்தாச்சு, முடிஞ்சது.”

இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில். சுளையை நாரெடுத்து என் வாயில் வைத்தார். நான் மென்றேன். அந்தக் கணம் அவர் மேல் வந்த வெறுப்பை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பயந்துபோய்ச் சொல்லாமல் இருக்கிறார், என் மேல் உள்ள அன்பினால் மறைக்கிறார் என்று அவர் பக்கம் பேசவும் ஒரு குரல் எனக்குள் இருந்தது. அந்தக் குரல்தான் என்னை இந்தப் படுக்கைவரை கொண்டுவந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் லேடி டாக்டர் வந்தபோது ஆங்கிலத்தில் கேட்டேன். சிங்கப்பூரில் எனக்கு என்ன செய்வார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும்.

அவர் முகம் சிவந்தது. உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை நாளும் அந்த நாற்காலி அதே சுவரோரம்தான் இருந்தது. என் வாயில் ஆங்கிலம் வந்ததும் அது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த கட்டிலில் கிடந்த தோட்டத்துப் பெண்ணுக்கு நான் அங்கிருந்து வெளியேறும்வரை யாரும் நாற்காலி போடவில்லை. அவளுக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது. அதற்காக அந்த டாக்டர் மேலும் எனக்குக் கோபம்தான், என் உயிரைக் காத்தவர் என்றாலும்.

ஆனால் என்னிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கட்டி மறுபடி வரக்கூடியது. கதிர் வைத்தால் வராமல் இருக்க வாய்ப்புண்டு, உறுதி கிடையாது. வைக்காவிட்டால் பெரும்பாலும் வரும். சீக்கிரம் வரும். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அடிவயிற்றில் கதிர் படுவதால் இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்காது என்றார். இதையும் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் யோசிப்பது அதைத்தான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

மாலை அவர் வந்தார். ஆரஞ்சுப் பையை வைக்கும் முன்பே கேட்டேன்.

“சிங்கப்பூருக்கு எப்பப் போறோம்?”

அவர் கையிலிருந்து பை நழுவியது. ஒரு பழம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரம் பிடித்தது.

“யாரு சொன்னா?”

“எனக்கு இங்கிலீசு தெரியும்ங்கிறது மறந்துபோச்சா? அத்தைக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“வேற யாருக்கு?”

அவர் பழத்தைத் துடைத்துப் பையில் போட்டார். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. குடோனில் தெரிந்திருக்கிறது. தெருமுனையில் பால் ஊற்றுகிறவருக்கும் தெரிந்திருக்கும்.

“அம்மா சொல்றாங்க, கட்டியத்தான் எடுத்தாச்சேன்னு. ஒடம்பு தேறட்டும், ஒரு பையன் பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க. நான் சரின்னு சொல்லலை. யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“என்னங்க யோசிச்சீங்க?”

அவர் என் கால் பக்கத்தைப் பார்த்தார்.

“இல்லாத பிள்ளைக்கு வளையல் போட்டீங்க. இருக்கிற பிள்ளைக்குப் பால நிறுத்துனீங்க. இப்ப இனிமே வரப்போற பிள்ளைக்காக நான் சாகணுமா? நான் போறேன். நீங்க வந்தா வாங்க. வராட்டி எங்கப்பாவுக்குத் தந்தி அடிக்கச் சொல்லி மிஸிகிட்ட சொல்லிக்கிறேன்.”

நான் குரலை உயர்த்தவில்லை. தையல் இழுத்ததால் உயர்த்தவும் முடியாது. ஆனால் அடுத்தடுத்த கட்டில்களில் தலைகள் திரும்பின. என் கணவர் முகத்தைக் கைக்குட்டையில் மூடிக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற என் கை தானாக நீண்டது. அதை நான் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. விடுப்பு எடுத்துக்கொண்டு, தம் தாயின் பேச்சை முதல்முறையாக மீறி, கப்பலில் எனக்குப் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரில் வாரக்கணக்கில் அந்த இயந்திரத்துக்குக் கீழே படுத்தேன். வயிற்றின் மற்ற பாகங்களை ஈயத் தகட்டால் மூடுவார்கள். எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரைச்சல் மட்டும் கேட்கும். வலப்பக்கத்துத் தோல் கருத்து உரிந்தது. மறுபடி காலையில் வாந்தி, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். இதையும் யாராவது மசக்கை என்று சொல்லக்கூடும் என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது என் மகள் என்னிடம் வரவில்லை. மாமியாரின் கால்களைக் கட்டிக்கொண்டு சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் அவளை என் பக்கம் தள்ளினார். அவரும் மெலிந்துதான் போயிருந்தார். எனக்காகப் பத்தியச் சோறு வைத்திருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பழையபடி மருமகளாக நடந்துகொண்டேன். காலையில் எழுந்து அடுப்பு மூட்டினேன். கோபத்தை வைத்துக்கொண்டும் ரசம் வைக்க முடியும்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஆண்டுதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தையும் வயிற்றையும் காட்டிவிட்டு வருகிறேன். லேடி டாக்டர் இன்னமும் எதையும் உறுதி சொல்வதில்லை. போகும் நாள் நெருங்கினால் குளிக்கும்போது என் விரல்கள் தாமாக வலப்பக்கத்தைத் தேடுகின்றன. தழும்பு தடிப்பதைக் கட்டி என்று பயந்து, பிறகு தழும்புதான் என்று என்னை நானே சமாதானப்படுத்தி, அந்தச் சமாதானத்தையும் சந்தேகிக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், என் மாமியார் ஒரே பதில்தான் சொல்வார். ஒரு பெண், அதற்கடுத்து ஓர் ஆண் தங்கவில்லை. நான் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். வயதானவர், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இத்தனை காலம் இருந்தேன்.

போன வாரம் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க. மாமியார் அதையே சொன்னார். என் மகள் தரையில் சிலேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்:

“அம்மா, தம்பிய எங்க பொதச்சாங்க?”

நான் காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

“தம்பி ஒருத்தனும் இல்ல, கண்ணு. அம்மா கொடல்ல ஒரு கட்டி இருந்துச்சு. அம்மாவக் கொல்றதுக்கு வந்த கட்டி. அத அறுத்து எடுத்துப் போட்டாங்க.”

வந்த பெண்கள் பத்திரிகையைப் பார்த்தார்கள். மாமியார், “அதுலாம் இப்ப எதுக்கு, வந்தவங்க முன்னால” என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வலது கையைப் பிடித்து, சேலைத் தலைப்பை ஒதுக்கி, என் வயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தேன். அன்று வைத்த அதே இடம். தழும்பு அவர் விரல்களுக்குக் கீழே கயிறு மாதிரி இருந்தது.

“நல்லா அமுக்கிப் பாருங்க, அத்தை. என்ன இருக்கு?”

கையை இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் விரல்கள் முதலில் அசையாமல் இருந்தன, பிறகு மெதுவாக, தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போயின.

“ஒன்னும் இல்ல” என்றார்.

“வந்தவங்களுக்குக் கேக்கலை, அத்தை.”

“ஒன்னும் இல்ல” என்றார் மறுபடி, இந்த முறை அவர்களைப் பார்த்து. அப்புறம்தான் கையை விட்டேன்.